நான் அழித்த பென்சில் எழுத்துகள்

நான் என்ன படிக்கிறேன் என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும். ரஷ்ய இலக்கியத்தில் முனைவர் பட்ட ஆய்வு என்று சொன்னால், அடுத்த கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான்: "அப்ப ரஷ்யாவுக்குப் போயிருவியா?" இல்லை என்றால், "அப்புறம் எதுக்கு?" திருநகரில் எங்கள் தெருவில் இந்தக் கேள்வியைக் கேட்காத வீடுகள் இரண்டே இரண்டு. ஒரு வீட்டில் ஆள் கிடையாது. இன்னொரு வீட்டுக்காரர்களுக்கும் என் அம்மாவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

எங்கள் துறையின் பலகையில் 'ஸ்லாவிய மொழிகள் மற்றும் இலக்கியத் துறை' என்று நீளமாக எழுதியிருக்கும். உள்ளே போனால் மூன்றே அறைகள். ஒன்று பேராசிரியருக்கு, ஒன்று வகுப்புக்கு, மேற்குப் பார்த்த கடைசி அறை நூலகம். ஆய்வு மாணவர்கள் என்னையும் சேர்த்து மூன்று பேர். ஒருவர் நாட்டுப்புறக் கதைகளில் ஓநாய் எங்கெல்லாம் வருகிறது என்று தேடிக்கொண்டிருந்தார். இன்னொருவர் ரஷ்ய நாவல்களில் வரும் கஞ்சியையும் கூழையும் தமிழில் யார் யார் எப்படி மொழிபெயர்த்தார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். புதன்கிழமைதோறும் மதியம் மூன்று மணிக்குக் கூட்டம். அந்த வாரம் என்ன கண்டுபிடித்தோம் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். ஓநாய்க்காரரிடமும் கூழ்க்காரரிடமும் எப்போதும் ஏதாவது இருக்கும். என் முறை வந்தால், "படிச்சுக்கிட்டிருக்கேன் மேடம்" என்பேன். இப்படிச் சொல்லியே பல மாதங்களை ஓட்டினேன்.

என் தலைப்பு கேட்பதற்கு எளிது. ஒரு காலத்தில் மாஸ்கோவில் அச்சாகி, கெட்டி அட்டையும் தடித்த தாளுமாகக் கப்பலில் வந்து, சல்லிசான விலைக்கு விற்ற ரஷ்ய நாவல்களின் தமிழ் மொழிபெயர்ப்புகளை மதுரைக்காரர்கள் எப்படிப் படித்தார்கள்? அவ்வளவுதான். வீடு வீடாக ஏறி இறங்கி, படித்தவர்களைத் தேடிப் பிடித்துப் பேட்டி எடுத்தேன். எல்லோரும் காபி கொடுத்தார்கள். எல்லோரும் "நல்லா இருக்கும்மா அந்தக் கதையெல்லாம்" என்றார்கள். ஒருவர் மட்டும் அதில் ஒரு குதிரை செத்துப்போகும் என்று சொல்லிக் கண் கலங்கினார். எந்தப் புத்தகம் என்று கேட்டேன். அது அவருக்கு நினைவில்லை.

பதிவு செய்து ஐந்து ஆண்டுகள் முடிந்து, கெஞ்சிக் கூத்தாடி ஓராண்டு நீட்டிப்பும் வாங்கியாகிவிட்டது. அந்த ஆண்டுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. அவ்வளவு நாள் உழைப்பும் வீண். நீட்டிப்பில் மூன்று மாதம் கழிந்த பிறகு, ஒரு புதன்கிழமைக் கூட்டத்தில் பேராசிரியர் என் பேட்டித் தாள்களை மேசையில் வைத்தார். அவர் சத்தம் போடுகிறவர் அல்ல. அதுதான் இன்னும் பயமாக இருக்கும்.

"நல்லா இருந்துச்சுன்னு இத்தன பேர் சொன்னா அது ஆய்வு இல்லம்மா. படிக்கும்போது அவங்க மனசுல என்ன ஓடுச்சுன்னு காட்டு. எழுத்துல காட்டு."

எழுத்தில் என்றதும் பேட்டித் தாள்களை வாரிப் பைக்குள் வைத்தேன். அப்படிப்பட்ட எழுத்து எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். அதை அழித்தது யார் என்றும் தெரியும்.

நான் முதுகலை முதலாண்டு படித்தபோது, பல்கலைக்கழகத்தைத் தர மதிப்பீடு செய்ய ஒரு குழு வருவதாக அறிவித்தார்கள். குழு வருகிறது என்றால் எங்கள் வளாகத்தில் வழக்கமாக என்ன நடக்குமோ அதெல்லாம் நடந்தது. மரங்களுக்குக் காவியும் வெள்ளையும் அடித்தார்கள். ஆண்டுக்கணக்கில் ஓடாத மின்விசிறி ஓடியது. எங்கள் துறைக்கு வந்த கவலை வேறு. சிம்மக்கல்லில் வாழைப்பழ மண்டி ஒன்றின் மாடியில் இருந்த படிப்பகத்தை மூடியபோது, அங்கிருந்த ரஷ்ய நாவல்களை எல்லாம் எங்கள் நூலகத்துக்குக் கொடுத்திருந்தார்கள். அவற்றில் பாதிப் புத்தகங்களின் ஓரமெல்லாம் பென்சில் எழுத்து. குழுவில் யாராவது எடுத்துப் பிரித்தால் துறையின் மானம் போய்விடும் என்று பேராசிரியர் பயந்தார். எங்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு புது ரப்பரைக் கொடுத்தார்.

எதையும் அரைகுறையாகச் செய்ய எனக்கு வராது. மற்றவர்கள் வட்டம் வட்டமாகத் தேய்த்துத் தாளைக் கசக்கினார்கள். நான் ஒரு கையால் பக்கத்தை அழுத்திப் பிடித்து, ஒரே பக்கமாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு அடுத்த பக்கம் போனேன். இரண்டு நாள், காலையிலிருந்து மாலை வரை. நடுவில் ஒரு நாவலில், கதாநாயகி கோபித்துக்கொண்டு பனியில் வீட்டைவிட்டுக் கிளம்பும் இடத்தில், "இந்நேரத்துல எங்க போற? காலைல போ" என்று யாரோ எழுதியிருந்தார். படித்துச் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவளிடம் காட்டினேன், அவளும் சிரித்தாள். பிறகு அழித்தேன். "உன்ன மாதிரி சுத்தமா யாரும் அழிக்கலம்மா" என்று பேராசிரியர் எல்லோர் முன்னாலும் பாராட்டி, பருப்பு வடையும் வாங்கிக் கொடுத்தார். அந்தப் பெருமையை வீட்டுக்குப் போய் அம்மாவிடம் வேறு சொன்னேன்.

பேராசிரியர் எழுத்தில் காட்டச் சொன்ன அந்தப் புதன்கிழமை, கூட்டம் முடிந்ததும் நான் வீட்டுக்குப் போகவில்லை. நூலக அறைக்குப் போய் அந்த நாவலை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். ஒன்றாவது மிச்சம் இருக்காதா என்ற நப்பாசை. ஒரு பக்கத்திலும் ஒரு கீறல்கூட இல்லை. என் வேலை அவ்வளவு சுத்தம். என் மேலேயே எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. புத்தகத்தை அப்படியே மேசையில் போட்டேன்.

மணி ஐந்து இருக்கும். வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து வந்து திறந்து கிடந்த பக்கத்தின் மேல் விழுந்தது. ஓரத்து வெள்ளையில் மெல்லிய பள்ளங்கள் தெரிந்தன. குனிந்து பார்த்தேன். தலையைச் சாய்த்துப் பார்த்தேன். 'காலைல போ' என்று இருந்தது.

பென்சில் கரியை ரப்பர் எடுத்துவிட்டது. அழுத்தி எழுதிய தடத்தை அதனால் எடுக்க முடியவில்லை. அந்தத் தடித்த தாள் அதை அப்படியே வைத்திருந்தது. நான் அழுதுவிட்டேன், மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

மறுநாளிலிருந்து என் வேலை மாறியது. ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, ஒரு டார்ச்சை மேசையோடு மேசையாகப் படுக்க வைத்து, அதன் பக்கத்தில் புத்தகத்தை விரித்து வைப்பேன். இடப்பக்கத்திலிருந்து வெளிச்சம் அடித்து மொபைலில் ஒரு படம், வலப்பக்கத்திலிருந்து ஒரு படம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் ஒரு வரி பிடிபடும். சில வரிகளை விரலால் தடவித்தான் உறுதி செய்ய முடிந்தது. நூலக உதவியாளர் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் கேட்டேவிட்டார்.

"என்னம்மா, கரையானா?"

"இல்லண்ணே. எழுத்தப் படிக்கிறேன்."

"அதான் அச்சடிச்சிருக்கே, லைட்டப் போட்டுப் படிக்க வேண்டியதுதான."

எழுத்து பெரும்பாலும் ஒரே ஆளுடையது. ஒவ்வொரு நாவலின் முன்தாளிலும் அவர் ஒரு பட்டியல் போட்டிருந்தார். ரஷ்ய நாவலில் ஒரே மனிதனை ஒருவர் பெயர் சொல்லி அழைப்பார், ஒருவர் அப்பா பெயரையும் சேர்த்து அழைப்பார், வீட்டார் செல்லப் பெயரில் அழைப்பார்கள். எங்கள் மாணவர்களே முதல் ஐம்பது பக்கத்தில் குழம்பிப் போவார்கள். இவர் அந்தத் தொல்லையே வைத்துக்கொள்ளவில்லை. ஆளுக்கு ஒரு முறை வைத்துவிட்டார். அந்தக் 'காலைல போ' நாவலில் குதிரைப்படை அதிகாரி மச்சான் முறை. அவனுடைய பணக்கார அத்தை சின்ன மாமியார் முறை. ஊரைவிட்டு ஓடிப்போகும் மாணவன் மருமகன் முறை. அப்புறம் நாவல் முழுக்க ஓரத்தில் அவர்களோடு முறை வைத்தே பேசுகிறார். நிலக்கிழார் ஒருவர் குடியானவனைக் கூப்பிட்டுத் தேநீர் கொடுக்கும் இடத்தில், "குடிக்காத மாப்ள, கையெழுத்துக் கேப்பான்." பனிப்புயல் வர்ணனை நான்கு பக்கம் ஓடும் இடத்தில், "இங்க மே மாசம். கரண்டும் இல்ல."

இரண்டு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை இதையெல்லாம் படித்துக் காட்டினேன். ஓநாய்க்காரர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். பேராசிரியர் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் உடனே கேள்வியும் வந்தது.

"இது யார் கை? ஆள் இருந்தாக் கண்டுபிடி. இல்லன்னா வெறும் தாள்ல நீயே கீறி வச்சுக்கிட்டன்னு தேர்வாளர் சொல்லுவாரு. அப்புறம் உனக்குப் பட்டம் கிடையாது."

அவர் சொன்னது சரி. தாளில் எழுத்து இல்லை, பள்ளம்தான் இருந்தது. பள்ளத்தை யார் வேண்டுமானாலும் போடலாம்.

சிம்மக்கல்லுக்குப் போனேன். மண்டி இருந்த இடத்தில் பிளாஸ்டிக் சாமான் மொத்தக் கடை. பழ மண்டியெல்லாம் மாட்டுத்தாவணிப் பக்கம் போய்விட்டதாகவும், படிப்பகத்துச் சாவியை வைத்திருந்தவர் இப்போது அங்கேதான் மண்டி வைத்திருக்கிறார் என்றும் கடைக்காரர் சொன்னார். மறுநாள் காலையில் அங்கே போய் நின்றேன். லாரியிலிருந்து வாழைத்தார் இறங்கிக்கொண்டிருந்தது. அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, "மாப்ள, காம்பு ஒடியாமப் போடு" என்று அதட்டிக்கொண்டிருந்தார். மேற்கே வாழை போடும் குடும்பத்தில் பிறந்து, சின்ன வயதிலேயே மண்டிக்கு வந்தவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். படிப்பகத்தைப் பற்றிக் கேட்டதும் அவர் முகம் இறுகியது.

"அது மூடி எம்புட்டோ வருசமாச்சு. யார் யாரோ வருவாக, படிப்பாக, போவாக. சாவி மட்டுந்தான் ஏங்கிட்ட இருந்துச்சு."

"புத்தகத்துல பென்சில்ல எழுதுவாரே ஒருத்தர், அவர் யாருன்னு தெரியுமாய்யா?"

"தெரியாது தாயி. நெறையப் பேர் கிறுக்குவாய்ங்க. எதுக்குக் கேக்குற, அதுக்கு அபராதம் எதுவும் உண்டா?"

இல்லை என்றேன். நம்பிய மாதிரித் தெரியவில்லை. யாரையாவது நினைவு வந்தால் கூப்பிடுங்கள் என்று என் எண்ணைச் சொன்னேன். அவர் கையிலிருந்த சீட்டுப் புத்தகத்திலேயே அதை எழுதிக்கொண்டார். எழுதியது சரியா என்று கேட்டு, மேல் தாளைக் கிழித்து என்னிடம் நீட்டினார். வாங்கினேன். என் விரல் தாளின் பின்பக்கத்தில் பட்டது. இரண்டு மாதமாகத் தடவித் தடவிப் பழகிய அதே அழுத்தம். என் எண்ணின் பத்து இலக்கங்களும் பின்பக்கம் புடைத்துக்கொண்டு நின்றன.

"அய்யா, 'இந்நேரத்துல எங்க போற, காலைல போ'ன்னு எழுதுனது நீங்கதான?"

அவர் லாரியைப் பார்த்தார். தாரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சொல்லத்தான் செஞ்சேன்" என்றார். "அவ கேக்கலையே."

அதன்பிறகு டீ சொன்னார். ஏன் அவ்வளவு அழுத்தி எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். சீட்டுப் புத்தகத்தைத் திறந்து உள்ளே இருந்த கார்பன் தாளைக் காட்டினார். "மூணு காப்பி விழணும் தாயி. லாரிக்காரனுக்கு ஒண்ணு, தோட்டக்காரனுக்கு ஒண்ணு, நமக்கு ஒண்ணு. அமுத்தாம எழுதக் கையி வராது." மதியம் லாரி வராத நேரத்தில் மாடிக்குப் போய்ப் படிப்பாராம். எதற்கு முறை வைத்தீர்கள் என்றேன். "பேரு வாயில நொழையல. முறை வச்சாத்தான் ஆளு மனசுல நிக்கும். முறை இல்லாத ஆளோட என்னன்னு பேசுறது?" என்றார். நான் இதை ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் பத்துப் பக்கம் எழுதினேன். அவர் சொன்ன மாதிரி வரவில்லை.

நான் கிளம்பும்போது அவர் கேட்டார். "நான் எழுதுனதெல்லாம் இன்னும் இருக்கா? எவனாச்சும் அழிச்சிருப்பான்னுல்ல நெனச்சேன்."

"இருக்குய்யா. நல்லாத் தெரியுது" என்றேன். பாதி உண்மை. அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்த பிறகு மீதியைச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. பேருந்தில் திருநகர் வந்து சேரும்வரை வெட்கமாக இருந்தது.

ஆய்வேட்டிலும் அதே கோழைத்தனம்தான். 'இக்குறிப்புகள் பிற்காலத்தில் நூலகப் பராமரிப்பின்போது அழிக்கப்பட்டுள்ளன' என்று எழுதினேன். பேராசிரியர் அந்த வரியைச் சுற்றி வட்டம் போட்டு, 'யாரால்?' என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்தார். அவருக்கும் நினைவிருக்கிறதா, வெறும் திருத்தம்தானா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த வரியை அப்படியே விட்டுவிட்டுக் கெடு முடிவதற்குப் பத்து நாள் முன்னால் ஆய்வேட்டைக் கொடுத்தேன்.

எங்கள் பக்கம் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு என்பது பாதி விசேஷ வீடு. யார் வேண்டுமானாலும் வரலாம், யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். காபியும் இனிப்பும் ஆய்வாளர் செலவு. மண்டிக்காரர் தேய்த்த வெள்ளைச் சட்டையில், ஆட்டோவில் ஒரு பூவன் தாரோடு வந்து இறங்கினார். தேர்வு தொடங்க அரைமணி நேரம் இருந்தது. நூலகத்தைப் பார்க்க வேண்டும் என்றார். உதவியாளர் அழைத்துப் போனார். நான் தேர்வாளரை வரவேற்கிற பதற்றத்தில் அதைக் கவனிக்கவில்லை.

தேர்வாளர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். நன்றாகவே சொன்னேன். கடைசியில் அவர் அவையைப் பார்த்து, யாருக்காவது கேள்வி உண்டா என்று கேட்டார். பின்வரிசையில் மண்டிக்காரர் எழுந்தார்.

"புத்தகத்த எடுத்துப் பாத்தேன் தாயி. ஒண்ணையும் காணோம். இருக்குன்னு சொன்ன. யாரு அழிச்சா?"

பராமரிப்பின்போது என்று வாய்வரை வந்தது. தேர்வாளர் பேனாவோடு காத்திருந்தார். ஆய்வு செய்யும் பொருளை அழித்தவளுக்கே அந்த ஆய்வுக்குப் பட்டம் கொடுப்பார்களா என்று எனக்குத் தெரியாது. ஆறு ஆண்டு கண் முன்னால் நின்றது. ஆனால் மண்டிக்காரரைப் பார்த்துக்கொண்டு இன்னொரு முறை பாதி உண்மையைச் சொல்ல முடியவில்லை.

"நான்தான்யா" என்றேன். "எம்.ஏ. படிக்கும்போது. குழு வருதுன்னு ரப்பர் வச்சு அழிச்சேன். நல்லா அழிச்சேன்னு பேர் வேற வாங்குனேன்."

முன்வரிசையில் பேராசிரியர் எழுந்தார். "ரப்பர் வாங்கிக் குடுத்தது நான். வடையும் நான்தான் வாங்கிக் குடுத்தேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

மண்டிக்காரர் உட்காரவில்லை.

"எம்புட்டு நேரம் தேச்ச?"

"ரெண்டு நாளுய்யா."

"ரெண்டு நாளு தேச்சும் போகலையாக்கும்" என்று சொல்லி, பக்கத்தில் இருந்த ஓநாய்க்காரரைப் பெருமையாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அப்பச் சரி" என்று உட்கார்ந்தார். அறை முழுக்கச் சிரித்தது. தேர்வாளரும் சிரித்தார். ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: அந்த வரியில் யார் அழித்தது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அன்றைக்கே எழுதிக் கொடுத்தேன். பட்டம் கிடைத்தது.

மண்டிக்காரர் போகும்போது அந்தக் 'காலைல போ' நாவலைப் படிக்கக் கேட்டார். வெளியாளுக்குக் கொடுக்க விதியில்லை. என் பெயரில் எடுத்துக் கொடுத்தேன்.

இப்போது அதே துறையில் நான் தற்காலிக ஆசிரியர். இந்த ஆண்டு ஏழு பேர் சேர்ந்திருக்கிறார்கள், எங்களுக்கு அது பெரிய கூட்டம். அதில் இரண்டு பேர் இப்போதே டார்ச்சும் கையுமாக அலைகிறார்கள். போன வாரம் மறுபடியும் குழு வருவதாகச் சுற்றறிக்கை வந்தது. மரங்களுக்குக் காவி அடிக்க ஆள் வந்துவிட்டது. அன்று மதியம் நூலக உதவியாளர் என் மேசைக்கு வந்தார். ஒரு கையில் மண்டிக்காரர் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன நாவல், மறு கையில் ரப்பர்.

"இங்க பாருங்கம்மா, அந்த மனுசன் மறுபடியும் கிறுக்கி வச்சிருக்காரு. அழிச்சிரவா?"

முன்தாளைப் பிரித்தேன். டார்ச் தேவைப்படவில்லை. நான் வெறுமையாக்கிய இடத்தில், பழைய பள்ளங்களின் மேலேயே, அவர் அந்தப் பட்டியலைத் திரும்ப எழுதியிருந்தார். மச்சான், சின்ன மாமியார், மருமகன் எல்லோரும் அவரவர் இடத்தில் இருந்தார்கள். கடைசியில் ஒரு வரி புதிதாக இருந்தது.

'இத அழிச்ச புள்ள: மக முறை.'

பின்பக்கம் விரலால் தடவிப் பார்த்தேன். நன்றாகவே அழுத்தி எழுதியிருந்தார். உதவியாளரிடமிருந்து ரப்பரை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன்.